பெரியப்பா பிடித்த கயிறு

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் மருந்துக்கடையில் ஒரே கேள்விதான். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட ஏதாவது பாட்டில் இருக்கிறதா?" தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரத்துக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், ஆனால் இருமலுக்கு மட்டும் குறைவே இல்லை. இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் 22 வருடமாக மருந்தாளராக இருக்கிறேன். விட்டமின் சி, துத்தநாகம் என்று அலமாரி நிறைய அடுக்கி வைத்து விற்கிறேன். வாடகை கட்ட வேண்டுமே. ஆனால் சென்ற ஆண்டு பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து, பாட்டிலை எடுத்துக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

அவருக்கு எழுதிக் கொடுத்தது பெம்ப்ரோலிசுமாப். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், நரம்பு வழியாக. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டுக்காரர்களோடு நடத்திய கடிதப் போரை இங்கே எழுதினால் எனக்கு மறுபடி ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: நோயைத் தாக்க வரும் டி செல் என்ற வெள்ளையணுவின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது, புற்றுநோய் அதை மிதித்துப் பிடித்துக்கொள்கிறது, இந்த மருந்து மிதிக்கவிடாமல் தடுக்கும். 31 வருடம் சாட்ஸ்வொர்த்துக்கும் டவுனுக்கும் பஸ் ஓட்டியவர் என் பெரியப்பா. "பிரேக் பிடிக்காத வண்டியை இந்த மேட்டிலிருந்து எப்படி இறக்குவது டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காவது ஊசிக்குப் பிறகு ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது முறை வயிற்றுப்போக்கு. கிருமி ஏதும் இல்லை. அவருடைய எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலைத் தாக்கத் தொடங்கியிருந்தது. இந்த மருந்தில் எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் விளையாட்டும் இல்லை. ஊசியை நிறுத்தினார்கள். பிரெட்னிசோன் மாத்திரைகளை நானே எண்ணிப் போட்டுக் கொடுத்தேன். சக்தியைக் கூட்டுங்கள் என்று ஊருக்கே விற்பவள், வீட்டில் சக்தியைக் குறைக்க மாத்திரை எண்ணினேன்.

அந்த இரவுகளில்தான் படிக்க ஆரம்பித்தேன். பிரேக் உவமை பாதிக் கதைதான். பிரேக் என்றால் அந்தந்த வண்டிக்குள் இருப்பது. உடலிலோ, மற்ற செல்களை அடக்குவதையே வேலையாகக் கொண்ட தனிக் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது காவடிதான். முதுகில் கொக்கி மாட்டி அருள் வந்து ஆடுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை யார் பார்க்கிறார்கள்?

அறிவியலும் அப்படித்தான் வெகுகாலம் அவர்களைப் பார்க்கவில்லை. 1970களில் அடக்கும் செல்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. பின்னர் ஆதாரம் நிற்காமல் அந்தத் துறையே கேலிக்குள்ளானது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி மட்டும் விடவில்லை. பிறந்த மூன்றாம் நாளில் எலிக்குட்டியின், டி செல்கள் பக்குவமடையும் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி குன்றும் என்றுதானே நினைப்போம்? மாறாக, அந்த எலிகளின் உடல் தன் உறுப்புகளையே தாக்கியது. நல்ல எலியின் டி செல்களைக் கொடுத்தால் தாக்குதலைத் தடுக்க முடிந்தது. அந்தக் காவல் செல்களுக்கு சிடி25 என்ற அடையாளம் உண்டு என்று 1995இல் காட்டினார். 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காவல் செல்கள் உருவாக அது வேண்டும் என்று பின்னர் தெரிந்தது. அது பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே ஓயாத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், தோல் அழற்சி. வயிற்றுப்போக்கு என்ற வார்த்தையில் நான் அன்றிரவு நின்றுவிட்டேன். பெரியப்பாவுக்கு நடந்தது அதேதான் என்று சொல்ல வரவில்லை, அவருடைய மரபணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோடிக்கணக்கான கிருமிகளோடு குடித்தனம் நடத்தும் குடலில், அமைதி என்பது யாரோ இடைவிடாமல் காத்துவருவது என்று அப்போதுதான் உறைத்தது.

மூவருக்கும் 2025 அக்டோபரில் நோபல் பரிசு அறிவித்தார்கள். அப்போது ராம்ஸ்டெல் தொலைபேசியைத் தொடாமல் மலையில் நடந்துகொண்டிருந்தாராம். பிரன்கோ, சுவீடனிலிருந்து வந்த அழைப்பை ஏதோ தொல்லை என்று விட்டுவிட்டாராம். கயிறு பிடிக்கிறவர்களுக்கு ஏற்ற குணம் என்று பெரியப்பாவிடம் சொன்னேன்.

புற்றுநோயின் தந்திரம் இங்கேதான். கயிறு பிடிப்பவர்களைத் தன் பக்கம் அழைத்துக்கொள்கிறது. சினைப்பைப் புற்றுநோய்க் கட்டிகள் ஒரு வேதிப்பொருளைச் சுரந்து இந்தச் செல்களை வரவழைக்கின்றன என்றும், கட்டிக்குள் அவை பெருகப் பெருக நோயாளியின் ஆயுள் குறைகிறது என்றும் 2004இல் காட்டினார்கள். எல்லாப் புற்றுநோயிலும் அப்படி இல்லை. பெருங்குடல் புற்றுநோயில் அவை கூடியிருப்பது சில ஆய்வுகளில் நல்ல அறிகுறியாகவே தெரிந்திருக்கிறது.

என் அலமாரி பாட்டில்களுக்கு உறைக்க வேண்டிய கதை இன்டர்லூக்கின்-2. டி செல்களுக்கு அதுதான் சோறு. சிறுநீரகப் புற்றுநோய்க்கு அதைப் பெரும் அளவில் கொடுக்க 1992இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். சிலர் முழுக்கக் குணமடைந்தார்கள், பெரும்பாலோருக்குப் பலன் இல்லை. ஒரு காரணம், சகாகுச்சியின் சிடி25 அந்தச் சோற்றைப் பற்றும் கையின் ஒரு விரல். அடக்கும் செல்களிடம் அது எப்போதும் நிறைய இருக்கிறது. பந்தியில் முதலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கொஞ்சமாகப் பரிமாறினால் அவர்கள் மட்டுமே வளர்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்தி வேறு. பிடி-1 அந்த அடக்கும் செல்களிலும் உண்டு. அதைத் தடுக்கும் மருந்து கொடுத்தபின் சில இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்கு நோய் திடீரென வேகமெடுத்ததையும், அவர்களின் கட்டிகளில் இந்தச் செல்கள் பெருகியிருந்ததையும் 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். வீரனை அவிழ்த்துவிடும் மருந்தே கயிறு பிடிப்பவனுக்கும் பலம் கொடுத்துவிடலாம். பெரியப்பாவிடம் இதை நான் சொல்லவே இல்லை. இப்போது கட்டிக்குள் இருக்கும் அடக்கும் செல்களை மட்டும், சிசிஆர்8 என்ற அடையாளத்தை வைத்துப் பிடித்து அழிக்கப் பரிசோதனைகள் நடக்கின்றன. குடலில் இருப்பவர்களை விட்டுவிட வேண்டும், அதுதான் கடினம்.

கடைசி ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது, மறையவில்லை. ஊசி மீண்டும் தொடங்கவில்லை. வயிறு அடங்கிவிட்டது.

இந்தத் தைப்பூசத்துக்கு அவரை நாற்காலியோடு கோயிலுக்கு அழைத்துப்போனோம். 1980களில் அப்பா முதுகில் கொக்கி மாட்டி ரதம் இழுக்கும்போதெல்லாம் பின்னால் கயிறு பிடித்தவர் பெரியப்பாதான். இந்த வருடம் இழுத்தது என் தம்பி மகன். கயிறு, பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் கையில். வெயிலில், பிரெட்னிசோனால் உப்பிய முகத்தோடு, பெரியப்பா நாற்காலியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார்.

"விடு, விடு, கொஞ்சம் தளர்த்து. இப்போது பிடி. அவ்வளவு இறுக்காதே, தோல் கிழியும்!"