நவபாஷாணத்தில் ஒரு கை தண்ணீர்

தை அமாவாசைக்குத் தேவிபட்டினம் போய் வந்தேன். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடத்தான் வருடா வருடம் போவது. இந்த முறை இன்னொருவனுக்கும் விட வேண்டியிருந்தது. அவன் எனக்குச் சொந்தக்காரன் இல்லை, ஒரே ஆற்றில் குதித்து வளர்ந்தவன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் வைகை கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. 258 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு என்று பெயர்தான், வருகிற தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயிலேயே நின்றுவிடும், மழை கொட்டித் தீர்த்த வருஷங்களில்தான் அது நிரம்பி எங்கள் பக்கம் செம்மண் நிறத்தில் வெள்ளம் இறங்கும். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போக மாட்டோம். நான், பள்ளிவாசல் தெருப் பையன் ஒருவன், கரைவலை இழுக்கிற வீட்டுப் பையன் ஒருவன். ஆற்றுத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற கோடு எங்கே இருக்கிறதென்று குடித்துக் குடித்துப் பார்ப்போம்.

பக்கத்து அழகன்குளம் கோட்டைமேட்டில் பொறுக்கிய ஓட்டாஞ்சில்லுதான் எங்கள் விளையாட்டுச் சாமான். 1986-87இல் தொல்லியல் துறைக்காரர்கள் அங்கே குழி வெட்டினார்கள். அங்கே அடுத்தடுத்து நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும்கூடக் கிடைத்தன. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து கரைவலை வீட்டுப் பையன் எந்தச் சில்லை எடுத்தாலும் எச்சில் தொட்டுத் துடைத்து, படகு இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பான். பெரியவனான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன கார்த்திகையில் அவன் போய்விட்டான். உடம்புக்கு முடியாமல்தான். கல்யாணம் ஆகவில்லை, அப்பா முன்பே இல்லை, அம்மா மட்டும் இருக்கிறார். எனக்குத் தகவல் வந்து நான் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த உறுத்தல்தான் என்னை இந்த அமாவாசைக்கு இழுத்து வந்தது.

பள்ளிவாசல் தெரு நண்பன் அவனாகவே வண்டி எடுத்து வந்தான். ராமேஸ்வர யாத்திரைக்காரர்கள் போகிற முறைப்படி முதலில் உப்பூர் வெயிலுகந்த விநாயகர். ராமர் சேதுவுக்குப் போகும்போது முதலில் வணங்கியது இவரைத்தான் என்பார்கள். தலைக்கு மேல் கூரை கிடையாது, வெயிலை விரும்பி ஏற்றுக்கொண்ட பிள்ளையார். தேங்காய் உடைத்துவிட்டு அங்கிருந்து தெற்கே தேவிபட்டினம்.

விடியும்போதே கூட்டம். கடலுக்குள் ராமர் மணலில் பிடித்து வைத்த ஒன்பது கற்கள், ஒன்பது கிரகங்கள், இதைத்தான் நவபாஷாணம் என்பார்கள். அவர் பூஜை முடிக்கும் வரை அலை அடங்கி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாராம், கடலடைத்த பெருமாள் அடக்கி வைத்தாராம். எங்கள் பக்கம் இந்தக் கடலைப் பெண் கடல் என்பார்கள், அலையே இருக்காது. அன்று நீர் ஏறி, சில கற்களின் தலை மட்டும்தான் தெரிந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பாவுக்கு முடித்தேன். அப்புறம் ஐயரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சிநேகிதனுக்கு விடலாமா சாமி? எனக்கு உறவு முறை எதுவும் இல்லை." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தாராளமா விடலாம். காருண்ய பித்ருன்னு அதுக்கே இடம் இருக்கு. குரு, சிநேகிதன், தெரிஞ்சவங்க எல்லாரும் அதுல அடக்கம். பேரைச் சொல்லுங்கோ." இத்தனை வருஷம் வந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. பெயரைச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

கரையில் என் சட்டையையும் பையையும் பிடித்துக்கொண்டு நின்றவன் சத்தம் போட்டான். "மாப்ளே, நான் குடுத்ததாவும் ஒரு கை விடு." விட்டேன். அந்த ஒரு கை தண்ணீர் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

நவதானியம் போட்டு ஒன்பது சுற்று சுற்றிவிட்டு, திருப்புல்லாணியில் தர்ப்பையில் படுத்திருக்கும் ராமரைச் சேவித்தோம். கடலரசனிடம் வழி கேட்டு மூன்று நாள் காத்துக் கிடந்த கோலம். பக்கத்தில் கடலில் முழுக்குப் போடுகிற சேதுக்கரைக்கு நேரம் போதவில்லை.

மாலையில் ஊருக்குப் போனோம். நாங்கள் குதித்த இடத்தில் சீமைக்கருவேலம் அடைத்து நிற்கிறது, இறங்கவே வழியில்லை. கரைவலைக்குக் கை கொடுக்கவும் ஆள் குறைந்துவிட்டது, பையன்கள் வெளிநாட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

அவன் அம்மா வாசலில் பனங்கிழங்கு அவித்து உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நாரைக் கிழித்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி ஏறிக் கிடந்துச்சா, வத்திக் கிடந்துச்சா?"

"ஏறித்தான் கிடந்துச்சு அத்தை."

"நல்லது" என்று கிழங்கை எங்கள் கையில் கொடுத்தார். "ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை போவீங்கள்ல, அப்ப நானும் வாரேன். வண்டியில இடம் வச்சிருங்க."