நடுவில் இருந்த மாட்யூல்

ஆழமற்ற நீர்ப்பரப்பில் அலை பரவுவதைக் கணக்கிடும் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஏறத்தாழ 20,000 வரிகள், அறுபதுக்கும் மேற்பட்ட மாட்யூல்கள், அதாவது நிரலின் தனித்தனிப் பகுதிகள். நிரலைத் தொகுத்து, கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலரின் புதிய பதிப்பை நிறுவிய மறுநாள் எங்கள் சோதனைகளில் ஒன்று தவறியது. சதுரத் தொட்டியின் நடுவே நீரை வட்டமாகக் குவித்து, அது சரிந்து பரவுவதைப் பார்க்கும் எளிய சோதனை அது. நான்கு சுவர்களையும் அலை ஒரே நேரத்தில் தொட வேண்டும். நீரின் மொத்த அளவு மாறக் கூடாது. புதிய பதிப்பில் அந்த அளவு மூன்றாம் இலக்கத்திலேயே மாறியிருந்தது.

தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினாலே கணினியில் விடை சற்று மாறும் என்பதால், கம்பைலர் மாறும்போது 15 அல்லது 16-ஆம் இலக்கத்தில் வேறுபாடு தோன்றுவது இயல்பு. மூன்றாம் இலக்கத்தில் வருவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கம்பைலரைக் குறை சொல்லும் முன் சொந்த நிரலை முழுமையாகச் சந்தேகித்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எண்களை வரிசையாக வைத்திருக்கும் அணிகளின் எல்லை மீறப்படுகிறதா என்று பார்க்கும் வசதியை இயக்கினேன். எந்தப் பிழையும் வரவில்லை. தொடக்க மதிப்பு தரப்படாத மாறிகளை வால்கிரைண்ட் என்ற நினைவகப் பிழை தேடும் கருவி கொண்டு தேடினேன். அதுவும் அமைதியாகவே இருந்தது. வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் மாற்றங்களை எல்லாம் நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் அதே தவறான விடை வந்ததால், வழக்கமான முதல் குற்றவாளி இங்கே இல்லை என்பது தெளிவாயிற்று. பழைய பதிப்பில் தொகுத்த பாதியையும் புதிய பதிப்பில் தொகுத்த பாதியையும் இணைத்துப் பார்க்கும் வழியும் அடைபட்டிருந்தது. மாட்யூல்களைத் தொகுக்கும்போது உருவாகும் மாட் கோப்புகளின் வடிவம் அவ்விரு பதிப்புகளுக்கு இடையே மாறியிருந்தது.

வழி காட்டியது விடையின் படம்தான். கிழக்கு மேற்காக அலை சரியாகச் சென்றது. வடக்கு தெற்காகச் சிதைந்திருந்தது. எங்கள் நிரல் ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு கோடாக எடுத்து, ஒரே துணை நிரலிடம் கொடுத்துத் தீர்க்கிறது. ஃபோர்ட்ரான் அணியை நெடுவரிசை நெடுவரிசையாக நினைவகத்தில் அடுக்குகிறது. ஆகவே ஒரு திசையின் கோடு நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும். மற்றத் திசையின் கோட்டில் உள்ள எண்கள் இடைவெளி விட்டுச் சிதறியிருக்கும். சிதறிய கோட்டை நிலையான நீளம் கொண்ட அணியாகப் பெறும் துணை நிரலுக்கு அனுப்பும்போது, கம்பைலர் அதைத் தற்காலிக இடத்தில் ஒன்றுசேர்த்துக் கொடுத்து, பின்னர் திரும்ப எழுத வேண்டும்.

இதைச் சோதிக்க, 4 கிடைவரிசையும் 3 நெடுவரிசையும் கொண்ட அணியில் ஒவ்வோர் இடத்திலும் அதன் கிடைவரிசை, நெடுவரிசை எண்களையே சேர்த்து இட்டேன்: இரண்டாம் கிடைவரிசையின் மூன்றாம் இடத்தில் 23. இரண்டாம் கிடைவரிசையைப் பாயின்டர் (தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் மாறி) வழியாக அனுப்பித் துணை நிரலுக்குள் அச்சிட்டபோது, 21, 22, 23 என்று வர வேண்டிய இடத்தில் 21, 31, 41 என்று வந்தது. ஒன்றுசேர்க்கும் வேலையே நடக்கவில்லை. முதல் எண்ணின் நினைவக முகவரி மட்டுமே போயிருக்கிறது; துணை நிரல் அங்கிருந்து அடுத்தடுத்த எண்களைப் படித்துவிட்டது. தவறாகப் படிக்கப்பட்ட எண்களும் அதே அணிக்கு உள்ளேயே இருந்ததால்தான் எல்லைச் சோதனையும் வால்கிரைண்டும் எதையும் சொல்லவில்லை.

அடுத்து, நிரலைச் சுருக்கும் வேலையில் இறங்கினேன். ஒரு பகுதியை நீக்குவேன், தொகுப்பேன், ஓட்டுவேன். பிழை நின்றால் நீக்கம் நிலைக்கும், மறைந்தால் அந்தப் பகுதி திரும்ப வரும். நான்கு நாட்கள் இப்படியே சென்றன. கடைசியில் மூன்று மாட்யூல்களும் ஒரு முதன்மை நிரலும் எஞ்சின. நடு மாட்யூலில் செயல்படும் வரி ஒன்றுகூட இல்லை; முதல் மாட்யூலில் உள்ள தரவு வகையை வாங்கி, வேறு பெயரில் மூன்றாவதற்குக் கொடுப்பது மட்டுமே அதன் பணி. தேவையற்றது என்று எண்ணி அதை நீக்கியதும் பிழை மறைந்தது. மீண்டும் சேர்த்தேன், வந்தது. அந்த நொடியில்தான் பிழை கணக்கில் இல்லை, மாட்யூல்களுக்கு இடையே தகவல் கைமாறும் இடத்தில் இருக்கிறது என்று நம்பிச் சொல்ல முடிந்தது. ஃபோர்ட்ரான் 2008 முதல், ஒரு பாயின்டர் காட்டும் தரவு நினைவகத்தில் தொடர்ச்சியானது என்று நிரலாளர் உறுதி அளிக்கும் வசதி உண்டு. நான் அளிக்காத அந்த உறுதியை, பெயர் மாறி இரண்டாம் முறை கைமாறும்போது கம்பைலர் தானாகச் சேர்த்துக்கொண்டது என்பதே என் ஊகம்.

38 வரிகள் கொண்ட அந்தச் சிறு நிரலையும், எதிர்பார்த்த விடையையும், கிடைத்த விடையையும், எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது என்பதையும் எழுதிக் கம்பைலரை உருவாக்குவோருக்கு அனுப்பினேன். ஊகம் சரி என்று பதில் வந்தது. திருத்தம் அடுத்த பதிப்பில் சேர்ந்தது. அதுவரை, கோட்டை நானே தற்காலிக அணியில் நகலெடுத்து அனுப்பி, விடையைத் திரும்ப எழுதிக்கொண்டேன். அந்த ஆறு வரிகளை இன்னும் நீக்கவில்லை. பழைய கணினிகளில் பிழையுள்ள அந்தப் பதிப்பையே வைத்திருப்பவர்கள் எங்களில் சிலர் இருக்கிறார்கள்.