வரி மாறிய இரவும் 16 எழுத்து பில் நம்பரும்

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஐடி மேனேஜராக இருந்தபோதுதான் ஜிஎஸ்டி வந்தது. 90-களில் ஃபாக்ஸ்புரோவில் பில் போடும் புரோகிராம் எழுதி இந்தத் தொழிலுக்குள் நுழைந்தவன் நான். ஒய்2கே, ஆரக்கிள், ஈஆர்பி என்று வந்த கம்ப்யூட்டர் மாற்றங்கள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அதிலெல்லாம் பழைய சிஸ்டத்தையும் புதியதையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட்டிக் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். இதில் அந்த வசதி கிடையாது. 2017 ஜூன் 30 இரவு வரை உற்பத்திக்கு எக்சைஸ், மாநிலத்துக்குள் விற்றால் வாட், வெளி மாநிலத்துக்கு விற்றால் சிஎஸ்டி. மணி 12 அடித்தால் எல்லாம் போய் ஜிஎஸ்டி. ஒரு நாள் பில் நின்றாலும் லாரி கேட்டைத் தாண்டாது.

பெரும்பாலான பொருட்களுக்கு எத்தனை சதவீதம் என்பதே மே 18, 19 தேதிகளில் ஸ்ரீநகரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில்தான் முடிவானது. தண்ணீர் இறைக்கும் மின்பம்புக்கு 12, கைப்பம்புக்கு 5. "ரெண்டே ரெண்டு நம்பர்தானுங்க, போட்டு விட்டுட்டா முடிஞ்சுது" என்றார் எம்.டி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2011 ஜூலையில் தமிழ்நாட்டு வாட் 4-லிருந்து 5-க்கும், 12.5-லிருந்து 14.5-க்கும் ஏறியபோது அவசரத்தில் போட்டுவிட்ட எண்கள் இன்னும் ரிப்போர்ட்டுகளுக்குள் அப்படியே கிடந்தன. புரோகிராம் கோடில் 14.5 என்று தேடினால் திரை நிறைய வந்தது. இந்த முறை எந்த விகிதமும் கோடுக்குள் வரக் கூடாது, தனி டேபிளில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு நேரம் வேண்டும் என்பதால், விற்பனைப் பிரிவு கேட்டிருந்த புது ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஜூலை வரை நிறுத்தி வைத்தேன். கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

உண்மையில் புரோகிராம் வேலை சின்னது. கழுத்தைப் பிடித்தது டீலர் மாஸ்டர், அதாவது டீலர்களின் விவரப் பட்டியல்தான். டீலர் எந்த மாநிலம் என்பதை வைத்துத்தான் உள் மாநிலத்துக்கான சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) இரண்டும் போடுவதா, வெளி மாநிலத்துக்கான ஐஜிஎஸ்டி போடுவதா என்று சிஸ்டம் முடிவு செய்ய வேண்டும். எங்கள் மாஸ்டரில் மாநிலத்துக்குத் தனிக் கட்டமே இல்லை. சிஎஸ்டி காலத்தில் பில் போடுகிறவரே பார்த்து வெளி மாநில டீலருக்கான சலுகை வரி என்றால் 'சி ஃபார்ம் 2 சதவீதம்' என்று தேர்ந்தெடுத்துவிடுவார். அறிவெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. முகவரியிலிருந்து மாநிலத்தைப் பிரித்தெடுக்க ஒரு புரோகிராம் எழுதினோம். அது காரைக்கால் டீலர்களைக் கூசாமல் தமிழ்நாட்டில் சேர்த்தது, மாஹேயைக் கேரளாவில் சேர்த்தது. இரண்டுமே புதுச்சேரி. கடைசியில் ஒவ்வொரு சேல்ஸ் ரெப்பிடமும் அவரவர் டீலர் பட்டியலை அச்சடித்துக் கொடுத்து, மாநிலத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

ஜிஎஸ்டி நம்பர்கள் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தன. மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு (நமக்கு 33), அடுத்த பத்து பான் நம்பர், 14-வது இடத்தில் பெரும்பாலும் 'இசட்', கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. தட்டச்சு செய்த பிள்ளைகள் இசட்டை 2 என்றும், 'ஓ'வைப் பூஜ்யம் என்றும் அடித்துத் தள்ளினார்கள். பானில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி எழுத்து. ஆகவே எந்த இடத்தில் எது வரலாம் என்று பார்த்தே பாதியைப் பிடித்துவிட்டோம். மிச்சத்தைச் சரிபார்ப்பு எழுத்து பிடித்துக் கொடுத்தது.

யாரும் எதிர்பாராத இடி பில் நம்பரில் விழுந்தது. 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, இடைக்கோடும் (-) சாய்கோடும் (/) தவிர வேறு குறி கூடாது என்கிறது விதி. எங்கள் நம்பரில் கம்பெனி பெயர், கிளை, வருடம், மாதம் எல்லாம் ஊர்வலம் போகும். அதை வெட்டியதில் அக்கவுன்ட்ஸ் பெரியவருக்கு என் மேல் இன்றும் வருத்தம்.

பைசாவிலும் ஒரு சிக்கல். 12 சதவீதம் கணக்கிட்டு இரண்டாகப் பிரித்தால் ஒற்றைப்படை பைசா வரும்போது சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் சமமாக வராது. அதனால் 6 சதவீதத்தை ஒரு முறை கணக்கிட்டு, அதே தொகையை இரண்டு பக்கமும் போட வைத்தோம்.

ஜூன் 30 வெள்ளிக்கிழமை. சாயங்காலத்தோடு பில்லை நிறுத்தி, ஸ்டோர்ஸில் சரக்கு எண்ண ஆரம்பித்தோம். "இன்னும் ஒரே லோடு சார், பழைய வரியிலயே அனுப்பீறலாங்க" என்று டெஸ்பாட்ச் தம்பி கெஞ்சினான். டீலர் கேட்டிருப்பார். பழைய பில் வரிசையைப் பூட்டியாகிவிட்டது, திறக்க முடியாது என்றேன். திறந்திருக்கலாம்தான். ஒருவருக்குத் திறந்தால் விடிய விடிய திறந்துகொண்டே இருக்க வேண்டும். நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்து விழா டிவியில் ஓட, நாங்கள் சரக்கிருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை காலை முதல் பில்லை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்த பிறகுதான் பிரிண்டருக்கு அனுப்பவிட்டார் பெரியவர்.

2022 ஜூலை 18-ல் அதே மின்பம்புக்கு வரி 18 ஆனது. டேபிளில் 12-க்கு முடிவுத் தேதி போட்டு, கீழே 18-க்கு ஒரு புது வரிசை சேர்த்தோம். புரோகிராமைத் தொடவில்லை. அதற்கு முன் விற்ற பம்பு திரும்பி வந்தபோது அதற்கான வரவுச் சீட்டான கிரெடிட் நோட்டும் தானாகவே 12-ல் விழுந்தது.