தெய்ஸே ஆலயத்துல அண்ணனும் நானும்

பிரான்ஸ்ல பர்கண்டி பகுதியில க்ளூனிக்குப் பக்கத்துல இருக்க சின்ன கிராமம் தான் தெய்ஸே. அங்க இருக்க ஆலயத்தோட பேரே ஒப்புரவு ஆலயம். உள்ள போனா பெரும்பாலும் எல்லாரும் தரையில தான் உக்காருவாங்க, நடுவுல வெள்ளை அங்கி போட்ட சகோதரர்கள், அதாவது வேற வேற கிறிஸ்தவ சபையில இருந்து வந்து இங்க ஒண்ணா வாழுற துறவிகள், ஒரே வரிய திரும்பத் திரும்பப் பாடுறாங்க, நடுவுல ரொம்ப நேரம் மௌனம். இதுல கத்தோலிக்கர் யாரு, லூத்தரன் யாரு, ஆர்த்தடாக்ஸ் யாருன்னு பாத்தா தெரியாது.

இந்தத் துறவற சமூகத்த ஆரம்பிச்ச சகோதரர் ரோஜர் 1940ல இங்க வந்தாரு, சுவிஸ்காரர், புராட்டஸ்டண்ட் போதகரோட மகன். போர் நேரத்துல யூதர்களையும் மத்த அகதிகளையும் வீட்ல வச்சுக் காப்பாத்துனவர், போர் முடிஞ்சதும் பக்கத்து முகாம்ல கைதியா இருந்த ஜெர்மன் வீரர்களையும் வரவேற்று உபசரிச்சிருக்காரு. எனக்கு இது தான் பெரிய விஷயம், ஏன்னா யாரு பக்கம் நியாயம்னு கணக்கு பாத்திருந்தா அவரால அப்படி செஞ்சிருக்கவே முடியாது. அப்புறம் 1962ல திறந்த இந்த ஆலயத்தக் கட்டிக் குடுத்ததே ஜெர்மன் இளைஞர்கள் தான், போர்ல தங்களோட நாடு செஞ்சதுக்குப் பரிகாரமா.

2005 ஆகஸ்ட் 16 சாயங்கால ஜெபத்துல, இதே ஆலயத்துல அவ்ளோ பேர் நடுவுல, மனநிலை சரியில்லாத ஒரு பெண் அவரக் கத்தியால குத்திட்டாங்க, 90 வயசு அவருக்கு. அடக்க வழிபாட்டுல அடுத்த தலைவர் சகோதரர் அலோயிஸ் அந்தப் பெண்ணுக்காக, பிதாவே மன்னியும்னு சிலுவையில இயேசு வேண்டுன மாதிரியே வேண்டுனாரு. கிராமத்துப் பழைய கோயில் பக்கத்துல இருக்க அவர் கல்லறையில, சாதா மரச்சிலுவை தான் அது, அங்க நின்னப்ப அண்ணன் ஒண்ணுமே பேசல.

அண்ணன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போயிட்டான், நான் கத்தோலிக்கம். அம்மா அடக்கத்துக்குப் பூசையா அவங்க பாஸ்டர் ஜெபமான்னு வந்த சண்டையில எங்களுக்குள்ள பேச்சே நின்னுபோச்சு. அண்ணி தான் பிடிவாதமா ரெண்டு பேரையும் சேத்து அனுப்புனாங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி சிலுவைய தரையில கிடத்தி வைப்பாங்க, ஒவ்வொருத்தரா முட்டி போட்டுப் போய் நெத்திய அதுமேல வச்சு ஜெபிப்பாங்க. நான் போனேன், அண்ணன் வரல, அவனுக்கு அது விக்கிரக ஆராதனை மாதிரி, நான் வற்புறுத்தவும் இல்ல. திரும்பி வந்தா அவன் இருந்த இடத்துலயே முட்டி போட்டு அழுதுட்டு இருக்கான். அம்மா அடக்கத்தன்னைக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்காதடான்னான். என்னால உடனே பதில் சொல்ல முடியல, அவன் கையப் பிடிச்சுக்கிட்டேன், வெளிய வந்த பிறகு தான் எல்லாத்தையும் பேசுனோம்.

விசுவாசத்துல ஒண்ணும் மாறல, மாதா பத்தி இன்னும் எங்களுக்குள்ள ஒத்துப்போகாது. ஆனா அம்மா நினைவு நாள் பூசை முடியுற வரைக்கும் கோயில் வாசல்ல நிப்பேன், அப்புறம் ரெண்டு பேரும் சேந்தே கல்லறைக்குப் போவோம்னு அண்ணனே சொல்லிருக்கான், நானும் ஒரு ஞாயிறு அவங்க சபைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்.