கூட்டுச்சொல் பயிற்சி: தண்டையார்பேட்டையில் இரவுப் பதிவுகள்

ஆங்கிலக் கூட்டுச்சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் காதால் மட்டும் பிடிக்க முடியவில்லை என்பதால், இப்போது கண்ணாலும் பார்த்துப் பழகுகிறேன். எங்கள் தெருவில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் அடங்கிய பிறகு கைபேசியில் பேசிப் பதிவு செய்து, பிராட் என்ற இலவச மென்பொருளில் திறக்கிறேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது அது. குரலின் சுருதி அதில் நீலக் கோடாகத் தெரியும்.

முதலில் எடுத்தது 'கிரீன்ஹவுஸ்'. செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம் என்றால் அழுத்தம் 'கிரீன்' மேல். பச்சை வண்ணம் அடித்த வீடு என்றால் 'ஹவுஸ்' மேல். ஆங்கிலேயர் ஒருவரின் பதிவில், கண்ணாடிக் கூடத்தைச் சொல்லும்போது கோடு 'கிரீனில்' உயர்ந்து சரிகிறது. 'ஹவுஸ்' முழுவதும் தாழ்ந்தே கிடக்கிறது. என் குரலிலும் தம்பியின் குரலிலும் இரண்டு மேடுகள் இருந்தன. முதல் பகுதியை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் இரண்டாவது மேடு கரையவில்லை. பின்பகுதியைத் தாழ்த்திச் சொன்னபோதுதான் கரைந்தது. பள்ளியில் 'அழுத்திச் சொல்' என்று கற்பிப்பதைவிட 'அடுத்ததைத் தாழ்த்து' என்று கற்பிப்பதே பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தாழ்த்துவது என்றால் விழுங்குவதல்ல. 'ஹவுஸின்' உயிரொலி முழுதாகவே ஒலிக்க வேண்டும். 'போஸ்ட்மேன்' போன்ற சில பழைய சொற்களில் மட்டும் 'மேன்' தேய்ந்து 'மன்' போல ஆகிவிடுகிறது.

அசை பிரிப்பில் என்னை அதிகம் ஈர்த்தது 'நைட்ரேட்'. உரத்தில் இருக்கும் நைட்ரேட்டில் டகரமும் ரகரமும் ஒன்றாக உருண்டு இரண்டாம் அசையைத் தொடங்குகின்றன. ஆட்டோக்காரர் கேட்கும் 'நைட் ரேட்'டில் டகரம் முதல் அசையை அடைத்து நிறுத்துகிறது. நம் நாக்கு அங்கே குற்றியலுகரம் சேர்த்து 'நைட்டு' என்று மூன்றாவது அசையை நுழைத்துவிடும். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டியபடியே வைத்து, காற்றை வெளியே விடாமல் 'ரேட்'டுக்குத் தாவினால் சரியாக வருகிறது.

'ஆப்பிள் பை' என்றால் பின்னழுத்தம், 'ஆப்பிள் கேக்' என்றால் முன்னழுத்தம். இதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

தெருப் பெயர்களில் தம்பிக்கும் ஆர்வம் வந்துவிட்டது. 'ஸ்ட்ரீட்' என முடிந்தால் அழுத்தம் முன்னால். 'ரோடு', 'பிரிட்ஜ்' என முடிந்தால் பின்னால். "அண்ணா, அப்படியென்றால் மின்ட் ஸ்ட்ரீட்டில் மின்ட், பேசின் பிரிட்ஜில் பிரிட்ஜ், சரியா?" என்றான். சரிதான். அடுத்து மூன்று பகுதிகள் கொண்ட வால் டாக்ஸ் ரோட்டைப் பதிவு செய்யப் போகிறோம்.