திரும்பவும் அதே வீட்டுக்கு

வயதானவர்கள் கீழே விழுவதைத் தடுக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று தயங்காமல் சொல்வேன். நியூசிலாந்தின் டுனீடின் நகரில், ஒட்டாகோ பல்கலைக்கழகக் குழு ஒன்று 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. பாதிப் பேருக்கு வீட்டுக்கே போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் பயிற்சி இல்லாதவர்கள் 152 முறை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் 88 முறை. 1997இல் வெளிவந்த ஆய்வு இது.

நான் பிசியோதெரபிஸ்ட். கோபி பக்கத்துக் கிராமங்களில், ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போகிறேன். இந்த ஒட்டாகோ பயிற்சிகளை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, எட்டு போட்டு நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது. படம் போட்ட தாளாகவும் கிடைக்கிறது. பல இடங்களில் அந்தத் தாளைக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

ஏனென்றால் டுனீடினில் யாரும் தாளை மட்டும் கொடுத்துவிட்டு வரவில்லை. முதல் இரண்டு மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு முறை போனார்கள். ஒவ்வொரு முறையும் அந்தம்மாவை நிற்கவைத்துப் பார்த்து, கணுக்காலில் கட்டும் எடையைக் கூட்டினார்கள், பிடித்துக்கொண்டு செய்ததைப் பிடிக்காமல் செய்யவைத்தார்கள். அப்புறமும் போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். நமக்கு வந்து சேர்ந்தது பயிற்சிகளின் பட்டியல். திரும்பத் திரும்பப் போனது வந்து சேரவில்லை.

அது ஏன் முக்கியம் என்பது ஒரு வீட்டின் உள்ளே போனால்தான் தெரியும். நான் பார்க்கும் ஓர் ஆத்தா, ராத்திரி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்குப் போகும்போது விழுந்தவர். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து, "நீங்க எந்திரிக்கவே வேண்டாங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று மருமகள் எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவந்துவிடுகிறார். அக்கறையில்தான் செய்கிறார். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரைந்துபோகும், அடுத்த முறை விழுவது இன்னும் சுலபமாகும்.

முதல் நாள் திண்ணையில் உட்காரவைத்து, துணிப்பையில் அரை கிலோ மணல் கட்டி, காலை நீட்டச் சொன்னேன். அழகாகச் செய்தார். அடுத்த முறை போனபோது, வாசலில் மிளகாய் காயப்போட்ட துணி பறக்காமல் இருக்க அந்த மணல் பை மேலே இருந்தது. "இதெல்லாம் எனக்கு எதுக்கு அம்மிணி, மாத்திரை இருந்தாக் குடு" என்றார். சரி என்று பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு, ராத்திரி கட்டிலிலிருந்து எப்படி எழுந்திருக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். மருமகள் கையைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. ஆத்தாவும் அதைக் கவனித்தார். அன்றைக்குத்தான் பயிற்சி உண்மையில் தொடங்கியது. பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்டுத் தரையில் வழுக்கும் என்பதால் அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை வைத்து நிற்கும்போது பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பி. பக்கத்தில் நின்று எண்ண வேண்டியது மருமகளின் வேலை. எந்தத் தாளிலும் இதெல்லாம் இருக்காது.

சரி, ஊர் முழுக்க இப்படிப் போக பிசியோவுக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. ஒட்டாகோ குழுவே அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த ஆய்வுகளைச் செய்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லாத நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களை ஒரு பிசியோ மேற்பார்வை செய்தார். அப்போதும் விழுவது குறைந்தது. முதல் ஆய்வோடு அந்தக் குழு செய்த நான்கு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில், விழுவது 35 சதவீதம் குறைவு. அதிலும் 80 வயதைத் தாண்டி, ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 63 மருத்துவ மையங்களில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 9,803 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. தபாலில் கேள்வித்தாள் அனுப்பி, விழும் ஆபத்து உள்ளவர்களைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு இதே ஒட்டாகோ வகைப் பயிற்சி. வெறும் அறிவுரைத் தாள் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் எலும்பு முறிவு குறையவில்லை. இதைக் காட்டி, பயிற்சியே வீண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எலும்பு முறிவைக் குறைத்துக் காட்டுவது விழுவதைக் குறைத்துக் காட்டுவதைவிடக் கடினம். ஆனால் கூட்டத்தைப் பெரிதாக்கும்போது பலன் தானாக வந்து சேராது என்று அது சொல்வதை ஏற்கத்தான் வேண்டும்.

நம் ஊரில் இதற்குப் பாதி வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். யார் வீட்டில் ஆத்தா விழுந்தார், யார் கட்டிலோடு கிடக்கிறார் என்று எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். மாத்திரை கொடுக்கும்போதே, "கையை ஊன்றாமல் எழுந்து காட்டுங்க ஆத்தா" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். அதில் தடுமாறுகிறவர்களின் பெயரை பிசியோவிடம் சொன்னால், நாங்கள் போய் எடையையும் பயிற்சியையும் முடிவு செய்வோம். எத்தனை முறை எழ முடிகிறது என்ற எண்ணிக்கை அடுத்த மாதம் கூடியதா என்று தன்னார்வலர்களே பார்க்கலாம்.

எங்கள் நிறுவனத்து மாத அறிக்கையில் புதிதாகப் பார்த்த நோயாளிகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் உண்டு. எண்ணிக்கை கூடினால்தான் பாராட்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஏற்கெனவே விழுந்தவர்களில் எத்தனை பேரைத் திரும்பப் போய்ப் பார்த்தோம், அதில் எத்தனை பேருக்கு எடை கூட்டினோம். படிவம் மாறும்வரை என் டைரியில் அந்தக் கணக்கை நானே எழுதி, அறிக்கையோடு இணைத்து அனுப்புகிறேன்.