டிமக்ஸுக்குள் செத்துப்போகும் ஏஜென்ட் சாக்கெட்: ஒருவழியாகப் பிடித்துவிட்டேன்

நேற்று ராத்திரி வேண்டுமென்றே ஏழு முறை வைஃபையை அணைத்தேன். ஏழு முறையும் திரும்ப எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழையும் வழி) நுழைந்து டிமக்ஸை (இணைப்பு அறுந்தாலும் சர்வரில் ஷெல்களை உயிரோடு வைத்திருக்கும் கருவி) அட்டாச் செய்தேன். ஏழு முறையும் பழைய பேனிலேயே (டிமக்ஸுக்குள் ஒரு ஷெல் ஓடும் கட்டம்) சாவி கேட்கும் கிட் புல் மூச்சுவிடாமல் ஓடியது. மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த விஷயம் இது. அதனால்தான் உடனே எழுதி வைக்கிறேன்.

ஏஜென்ட் ஃபார்வர்டிங்கோடு (நம் கணினியில் எஸ்எஸ்ஹெச் சாவியை வைத்திருக்கும் ஏஜென்ட்டைச் சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடுவது) டிமக்ஸ் ஓட்டுபவர்களுக்கு இந்த நோய் தெரிந்திருக்கும். முதல் நாள் எல்லாம் சரியாக இருக்கும். டிடாச் செய்துவிட்டு மறுநாள் வந்தால், அதே பேனில் 'பெர்மிஷன் டினைட்'. காரணம் எளிது. ஒவ்வொரு லாகினுக்கும் சர்வர், ஏஜென்ட்டோடு பேசப் புதிதாக ஒரு சாக்கெட்டை (கோப்பு போலத் தெரியும் இணைப்பு வாசல்) திறக்கிறது. லாகின் முடிந்ததும் அதை அழித்துவிடுகிறது. பழைய ஷெல்லோ, தான் பிறந்த நேரத்தில் கிடைத்த முகவரியையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு ஊரறிந்த வைத்தியம் சிம்லிங்க், அதாவது இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிப் பெயர். சர்வரில் டாட்-எஸ்எஸ்ஹெச் அடைவுக்குள் 'ஆர்சி' என்று ஒரு கோப்பு வைத்தால், ஒவ்வொரு லாகினிலும் ஷெல்லுக்கு முன்னால் அது ஓடும். அதில் புதிய சாக்கெட்டுக்கு மாறாத பெயரில் ஒரு சிம்லிங்க் போட வேண்டும். டிமக்ஸ் கன்ஃபிக்கில் செட்-என்விரான்மென்ட் போட்டு, சாக்கெட்டின் முகவரியை ஷெல்லுக்குச் சொல்லும் சூழல் மாறிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தேன். டிமக்ஸை முழுதாக மூடித் திறந்தேன். ஆனாலும் நோய் அப்படியே இருந்தது.

இங்கேதான் மூன்று வாரம் போனது. சிம்லிங்க் உயிரோடு இருக்கிறது, சரியான சாக்கெட்டைத்தான் காட்டுகிறது. ஆனால் புதுப் பேன் திறந்து மாறியை எக்கோ செய்தால் தற்காலிக அடைவின் நிஜ முகவரி வருகிறது. ஷெல்லின் தொடக்கக் கோப்புகளை வரி வரியாகப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் டிமக்ஸிடமே கேட்டேன். ஷோ-என்விரான்மென்ட்டை ஹைஃபன்-ஜியோடு ஓட்டினால் என் சிம்லிங்க் பெயர். ஹைஃபன்-ஜி இல்லாமல் ஓட்டினால் நிஜ முகவரி! இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த அந்த நொடியில்தான் விளங்கியது.

டிமக்ஸுக்குள் இரண்டு அடுக்கு: உலகளாவிய சூழல் ஒன்று, செஷனுக்கான சூழல் ஒன்று. செஷன் அடுக்கில் இருப்பதுதான் ஜெயிக்கும். 'அப்டேட்-என்விரான்மென்ட்' என்ற பட்டியலில் உள்ள மாறிகளை, செஷன் தொடங்கும்போதும் அட்டாச் செய்யும்போதும் டிமக்ஸ் நம் லாகினிலிருந்து எடுத்து அந்தச் செஷன் அடுக்கில் எழுதிவிடும். எஸ்எஸ்ஹெச் சாக்கெட் மாறியின் பெயர் அந்தப் பட்டியலில் இயல்பாகவே இருக்கிறது. நான் கீழ் அடுக்கில் எழுதியதை மேல் அடுக்கு ஒவ்வொரு முறையும் மறைத்துக்கொண்டிருந்தது. பட்டியலைத் திரும்ப எழுதி, அந்த ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அவ்வளவுதான், தீர்ந்தது.

ஆர்சி கோப்பை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஏஜென்ட் இல்லாமல் நுழையும் ஸ்கிரிப்டுகளும் அதை ஓட்டும். மாறி காலியாக இருந்தால் சிம்லிங்கைத் தொடாதீர்கள். அது ஒரு எழுத்தைக்கூட வெளியே அச்சிடக் கூடாது, கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி குழம்பிவிடும். எக்ஸ்11 ஃபார்வர்டிங் (சர்வரின் வரைகலைச் சாளரத்தை நம் திரையில் காட்டுவது) பயன்படுத்துபவர்கள், அதற்கு அனுமதி பதியும் எக்ஸ்-ஆத் வேலையையும் அதிலேயே எழுத வேண்டும், ஆர்சி இருந்தால் சர்வர் அதைத் தானாகச் செய்யாது.

பழைய சாக்கெட் இன்னும் இருந்தால் சிம்லிங்கை மாற்ற வேண்டாம் என்று ஒரு சோதனையும் வைத்திருந்தேன். அது தப்பு. இணைப்பு சட்டென்று அறுந்தால் சர்வருக்கு அது தெரியாது. சாக்கெட் கோப்பு அங்கேயே கிடக்கும், கேட்டால் பதில் வராது. அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, எப்போதும் புதியதற்கே மாற்றுகிறேன். கூடவே சர்வர் பக்கம் கிளையன்ட்-அலைவ்-இன்டர்வெலை (நாம் உயிரோடு இருக்கிறோமா என்று சர்வர் கேட்கும் இடைவெளி) 30 நொடி என்று வைத்தேன். பதில் வராமல் எத்தனை முறை கேட்கும் என்ற எண்ணிக்கை இயல்பாக 3. ஆக, ஒன்றரை நிமிடத்தில் செத்த இணைப்புகளைச் சர்வரே கழற்றிவிடும். நம் பக்கம் திரை உறைந்து நின்றால், என்டர் தட்டி டில்டே (~), அப்புறம் புள்ளி தட்டினால் இணைப்பு அறும். உள்ளுக்குள் இன்னொரு எஸ்எஸ்ஹெச் என்றால் இரண்டு டில்டே.

ஏஜென்ட் ஃபார்வர்டிங்கை எல்லா சர்வருக்கும் திறந்துவிடாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த சர்வரின் ரூட் பயனர், நாம் உள்ளே இருக்கும்வரை நம் சாவியைப் பயன்படுத்த முடியும். வெறுமனே ஒரு சர்வரைத் தாண்டி இன்னொன்றுக்குப் போக ப்ராக்ஸி-ஜம்ப் போதும். 2016-இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.3 வந்ததிலிருந்து ஒரே வரியில் முடிகிற வேலை. என் கன்ஃபிக்கில் இப்போது ஒரே ஒரு ஹோஸ்ட்டுக்குத்தான் ஃபார்வர்டிங் 'எஸ்' (ஆம்) என்று இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்-ஆட் கமாண்டில் ஹைஃபன்-சி போட்டுச் சாவியைச் சேர்த்தால், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் நம்மிடம் அனுமதி கேட்கும், அதையும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எஸ்எஸ்ஹெச்சுக்கு மாற்றான மோஷ் பக்கம் போகலாமே என்று தோன்றும். யூடிபி 60000 முதல் 61000 வரையிலான போர்ட்டுகளில் ஓடும் அருமையான கருவி, நெட்வொர்க் மாறினாலும் விடாது. ஆனால் அதில் ஏஜென்ட் ஃபார்வர்டிங் கிடையாது. சும்மா லாக் பார்க்க மட்டும் ஒரு சர்வரில் வைத்திருக்கிறேன்.

அடுத்து, கிட்டி டெர்மினலிலிருந்து போனால் சில சர்வர்களில் பேக்ஸ்பேஸ் கோணலாகிறது. அந்த டெர்மினலின் விவரம் சொல்லும் டெர்மின்ஃபோ கோப்பு அங்கே இல்லாததுதான் காரணம். அந்த விவரத்தை எழுதிக் காட்டும் இன்ஃபோகம்ப்பின் வெளியீட்டை எஸ்எஸ்ஹெச் வழியாக, அதை நிறுவும் அங்குள்ள டிக் கட்டளைக்கு பைப் செய்து இரண்டு சர்வரில் சரிசெய்தாயிற்று. மூன்றாவது சர்வர் இந்த வார இறுதிக்கு.